கடிகாரம் யார் கையில்? கணினியின் சீரியல் போர்ட்டும் சின்தசைசரும்

மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது இடைமுகமாகிய மிடியின் (MIDI) கேபிள் ஒன்றின் வழியே ஒரு பைட் கடந்து செல்ல 320 மைக்ரோநொடி ஆகிறது. நொடிக்கு 31,250 பிட் என்ற வேகத்தில், ஒரு தொடக்க பிட், எட்டுத் தரவு பிட், ஒரு முடிவு பிட் எனப் பத்து பிட்டாகக் கட்டி அனுப்பினால் கணக்கு அப்படித்தான் வரும். 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் ஆய்வுக்கூடங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் ஒர்க்ஸ்டேஷன் எனப்பட்ட திறன்மிக்க கணினிகளை, மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் சின்தசைசர்களுடன் இணைக்க முனைந்தவர்கள் முதலில் முட்டிக்கொண்டது இந்த 31,250 என்ற எண்ணில்தான். நொடிக்கு ஒரு கோடிக் கட்டளைகளை நிறைவேற்றக்கூடிய இயந்திரத்தால், அதன் பக்கத்தில் கிடக்கும் ஒரு விசைப்பலகைக்கு இத்தனை அடக்கமான வேகத்தில் மூன்று பைட்டைச் சரியான நேரத்தில் கொண்டுசேர்க்க முடியாமல் போனது ஏன்? அந்தத் தடை எப்படி எப்படியெல்லாம் தாண்டப்பட்டது? மின்னழுத்தம், வேகம், மென்பொருள் என்று பல பெயர்களில் வந்த சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் அடியில், காலத்தை அளக்கும் கடிகாரம் யாரிடம் இருப்பது என்ற ஒரே கேள்விதான் இருந்தது என்று நான் கருதுகிறேன்.

மிடி பிறந்தது கணினிகளுக்காக அன்று. ஒரு நிறுவனத்தின் சின்தசைசரை இன்னொரு நிறுவனத்தின் சின்தசைசரோடு பேச வைக்க வேண்டும் என்பதுதான் தொடக்க நோக்கம். சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித், செட் வுட் ஆகியோர் 1981 நவம்பரில் ஒலிப்பொறியியல் கழகத்தின் மாநாட்டில் ஒரு பொது இடைமுகத்தை முன்மொழிந்தார்கள். ரோலண்ட் நிறுவனர் இக்குடாரோ காக்கெஹாஷியும் பிற ஜப்பானிய நிறுவனங்களும் அந்த யோசனையைச் செதுக்கி வளர்த்தார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் நாம் (NAMM) என்ற இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் ஒரு ப்ராஃபெட்-600 சின்தசைசரும் ஒரு ஜூபிடர்-6 சின்தசைசரும் கேபிள் வழியே இணைக்கப்பட்டு, ஒன்றில் வாசித்தது மற்றொன்றில் ஒலித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மிடி 1.0 விவரக்குறிப்பு வெளியானது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், ஸ்மித்துக்கும் காக்கெஹாஷிக்கும் இதற்காகத் தொழில்நுட்ப கிராமி விருது வழங்கப்பட்டது.

அந்த விவரக்குறிப்பை எழுதியவர்களை வழிநடத்தியது சிக்கனம். மலிவான சின்தசைசரிலும் பொருத்தக்கூடிய விலையில் இது அமையாவிட்டால் எவரும் ஏற்கமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பல கம்பிகளில் ஒரே நேரத்தில் தரவை அனுப்பும் இணைமுறைக்குச் செலவு அதிகம். ஆகவே ஒற்றைத் தடத்தில் பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல் முறையைத் தேர்ந்தார்கள். வேகத்தைத் தீர்மானித்ததும் அதே சிக்கனம்தான். அன்றைய எட்டு பிட் நுண்செயலிகளோடு எளிதில் கிடைத்த 1 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 32ஆல் வகுத்தால் மிச்சமே இல்லாமல் 31,250 வரும். சின்தசைசர் வடிவமைப்பாளருக்கு இதைவிட வசதியான எண் இல்லை. கணினி வடிவமைப்பாளருக்கோ இது வேற்றூர் நாணயம் போன்றது.

ஏனென்றால் கணினிகளின் சீரியல் போர்ட் வேறொரு குலத்தில் பிறந்தது. டெலிபிரிண்டர், மோடம், டெர்மினல் (விசைப்பலகையும் திரையும் கொண்ட முனையம்) ஆகியவற்றின் வழியே வந்த அதன் வேகங்கள் 300, 1,200, 2,400, 9,600, 19,200, 38,400 என்று இரட்டித்து ஏறுபவை. கடிகாரத் துடிப்பைத் தரும் படிகங்களில், அந்த எண்களைத் துல்லியமாகப் பிறப்பிக்கத்தக்கவற்றையே கணினிகளில் பொருத்தினார்கள். ஐபிஎம் பிசியில் இருந்தது 1.8432 மெகாஹெர்ட்ஸ் படிகம். அதை 16ஆல் வகுத்தால் 1,15,200. அந்த எண்ணை மூன்றால் வகுத்தால் 38,400. நான்கால் வகுத்தால் 28,800. இரண்டுக்கும் இடையில் வேறு படியே கிடையாது. 28,800 என்பது மிடியின் வேகத்தைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. ஒத்திசைவற்ற சீரியல் முறையில் பெறுபவர் ஒவ்வொரு தொடக்க பிட்டிலும் தன் கணக்கைப் புதிதாகத் தொடங்குகிறார். பத்தாவது பிட்டுக்குள் அரை பிட் அளவு தள்ளிப்போகாமல் இருந்தால் போதும். அதாவது ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்குள் பிழை அடங்க வேண்டும். மிடி விவரக்குறிப்போ 1 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. 28,800 எந்த வகையிலும் தேறாது.

சன் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் கணினிகளில் நிலைமை இன்னும் ஏக்கம் தருவது. அவற்றின் சீரியல் போர்ட்டை இயக்கிய சைலாக் 8530 சிப்புக்குக் கிடைத்த கடிகாரம் 4.9152 மெகாஹெர்ட்ஸ். சிப்பின் உள் வகுப்பிகளைக் கடந்தபின் 1,53,600 கிடைக்கும். அதை ஐந்தால் வகுத்தால் 30,720. தேவையான எண்ணுக்கு 1.7 விழுக்காடு குறைவு. விவரக்குறிப்பை மீறினாலும் பெரும்பாலான சின்தசைசர்கள் படித்துக்கொள்ளக்கூடிய தூரம்தான் அது. ஆனால் அவற்றில் ஓடிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் டெர்மினல் வேகப் பட்டியல் 50இல் தொடங்கி 19,200, 38,400 என்று முடியும். நடுவில் 30,720 என்றொரு பெயரே இல்லை. சிப்பால் இயன்ற ஒன்றைக் கேட்பதற்கு மென்பொருளில் சொல் இல்லாமல் போயிற்று. இயங்குதளத்தின் மையமான கெர்னலில், போர்ட்டை இயக்கும் நிரலாகிய டிரைவரைத் திருத்தி எழுதும் துணிவு உள்ளவர்களுக்கே அந்தக் கதவு திறந்திருந்தது.

வேகம் பொருந்தினாலும் கம்பியை அப்படியே நீட்டிவிட முடியாது. ஆர்எஸ்-232 என்ற தரத்தைப் பின்பற்றும் கணினியின் சீரியல் போர்ட் மின்னழுத்தத்தில் பேசுகிறது: −3 முதல் −15 வோல்ட் வரை இருந்தால் 1, +3 முதல் +15 வோல்ட் வரை இருந்தால் 0. மிடி மின்னோட்டத்தில் பேசுகிறது: 5 மில்லி ஆம்பியர் ஓடினால் 0, ஓடாவிட்டால் 1. ஒரு சின்தசைசரின் பின்பலகையைத் திறந்து மிடி இன் சாக்கெட்டுக்குப் பின்னால் பார்த்தால், கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு கருப்புச் சிப் தென்படும். அதுதான் ஆப்டோ ஐசொலேட்டர். உள்ளே ஒரு பக்கம் ஒளி உமிழும் டயோடு, மறுபக்கம் ஒளியை உணரும் பகுதி. இரண்டுக்கும் நடுவே மின்தொடர்பு எதுவும் கிடையாது. அனுப்பும் கருவியின் 5 வோல்ட், ஐந்து முனை சாக்கெட்டின் நான்காம் முனை வழியே வந்து, அந்த டயோடைக் கடந்து, ஐந்தாம் முனை வழியே திரும்பிப் போகிறது. வழியில் 220 ஓம் மின்தடை மூன்று: அனுப்பும் பக்கம் இரண்டு, பெறும் பக்கம் ஒன்று. டயோடில் இழக்கும் அழுத்தத்தைக் கழித்துவிட்டு மிஞ்சியதை 660ஆல் வகுத்தால் அந்த 5 மில்லி ஆம்பியர் வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இரண்டாம் முனையில் இருக்கிறது. கேபிளைச் சுற்றியுள்ள உறைக்கம்பி அனுப்பும் பக்கத்தில் மட்டுமே தரையோடு இணைக்கப்படுகிறது. பெறும் பக்கத்தில் அதை வேண்டுமென்றே அந்தரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆகவே இரண்டு கருவிகளின் தரைகளும் இந்தக் கேபிள் வழியே ஒருபோதும் சந்திப்பதில்லை. மேடையில் பத்துக் கருவிகளைப் பின்னிக்கட்டினாலும் ஒலிபெருக்கியில் மின்சாரத்தின் முனகல் புகாமல் இருப்பதற்கு இதுவே காரணம். கணினியின் மின்வழங்கி எழுப்பும் இரைச்சல் மேடைக் கருவிகளைவிட மோசமானது என்பதால், சின்தசைசரோடு கணினியைச் சேர்த்தபோது இந்த ஏற்பாட்டின் அருமை இன்னும் கூடியது. விலையைக் குறைப்பதற்காக ஐசொலேட்டரை விட்டுவிட்டு வெறும் மின்தடைகளை வைத்துக் கட்டும் சுற்றுகளை இன்றும் காண்கிறேன். அவை வேலை செய்வதுபோலத் தோன்றும், ஒலிப்பதிவைக் கெடுக்கும்.

கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுத்தவர்கள்

இத்தனை தடைகளுக்கும் மிக அழகான விடை ஆப்பிள் மெக்கின்டாஷிலிருந்து வந்தது. அதிலும் அதே சைலாக் 8530 சிப்தான் இருந்தது. ஆனால் 1986இல் வந்த மெக்கின்டாஷ் பிளஸ் முதல், எட்டு முனை மினி டின் சாக்கெட்டில் ஒரு முனை வழியாக வெளியிலிருந்து கடிகாரத் துடிப்பைச் சிப்புக்கு ஊட்ட முடிந்தது. ஆகவே மிடி இடைமுகம் என்ற சிறு பெட்டிக்குள் ஒரு 1 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை வைத்து, அதன் துடிப்பைக் கணினிக்குள் அனுப்பிவிட்டார்கள். சிப் அதை 32ஆல் வகுத்துக்கொள்ளும். 31,250 துல்லியமாகக் கிடைத்துவிடும். சின்தசைசரின் உள்ளே நடக்கும் அதே வகுத்தல் இப்போது கணினியின் உள்ளே நடக்கிறது. கணினி தன் கடிகாரத்தை விட்டுக்கொடுத்து, இசைக்கருவியின் கடிகாரத்தை இரவல் வாங்கியது. பெட்டிக்குள் நுண்செயலி வேண்டாம், தற்காலிக நினைவகம் வேண்டாம். படிகம், ஆப்டோ ஐசொலேட்டர், ஓரிரு சிப்புகள் இருந்தால் போதும்.

இந்த ஏற்பாடு ஆப்பிளோடு நின்றுவிடவில்லை என்பதுதான் ஒர்க்ஸ்டேஷன் வரலாற்றில் முக்கியமான திருப்பம். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் தன் இண்டிகோ, இண்டி போன்ற இயந்திரங்களில் எட்டு முனை மினி டின் சீரியல் போர்ட்டுகளை வைத்து, மெக்கின்டாஷுக்காக விற்கப்பட்ட மிடி பெட்டிகளையே அவற்றில் செருகிக்கொள்ள வழிசெய்தது. ஐரிக்ஸ் இயங்குதளத்தில் ‘ஸ்டார்ட்மிடி’ என்றொரு கட்டளை உண்டு. எந்தப் போர்ட்டில் பெட்டி இருக்கிறது என்று அதற்குச் சொல்லிவிட்டால், அந்தப் போர்ட் டெர்மினல் வேலையை விட்டுவிட்டு மிடிப் பாதையாக மாறும். திரைப்படக் காட்சிகளை வரைவதற்காக வாங்கப்பட்ட இயந்திரத்தில், கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணப் பெட்டி ஒன்றால் இசை நுழைந்தது. 1988இல் அறிமுகமான நெக்ஸ்ட் கணினியும் மெக்கின்டாஷ் வகைப் பெட்டிகளையே நாடியது. டேவிட் ஜாஃபி முன்னின்று உருவாக்கிய மியூசிக் கிட் மென்பொருள், அந்தக் கணினிக்குள் இருந்த மோட்டோரோலா 56001 சிப்பில் ஒலியை உண்டாக்கவும், அதே மூச்சில் வெளியிலிருந்து வரும் மிடிச் செய்திகளை வாங்கவும் அனுப்பவும் இடமளித்தது.

அடாரி எஸ்டி 1985இல் மிடி சாக்கெட்டுகளோடே பிறந்தது. அதற்குள் மிடிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு மோட்டோரோலா 6850 சிப்புக்கு 500 கிலோஹெர்ட்ஸ் கடிகாரம் கிடைத்தது. 16ஆல் வகுத்தால் அதே 31,250. இடைமுகமும் பெட்டியும் டிரைவரும் தேடி அலைய வேண்டாம் என்பதால், விலை மலிவான அந்தக் கணினி ஐரோப்பிய ஒலிப்பதிவுக் கூடங்களில் நெடுங்காலம் குடியிருந்தது. கொமடோர் அமிகாவின் சீரியல் வேகத்தை நுண்ணிய படிகளில் அமைக்க முடிந்ததால், 31,250க்கு அரை விழுக்காட்டு அருகில் அது வந்துசேர்ந்தது. அழுத்தத்தை மாற்றும் எளிய சுற்று ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஐபிஎம் பிசி உலகம் வேறு பாதையில் போனது. ரோலண்டின் எம்பியு-401 என்ற இடைமுகம் 1984 முதல் கிடைத்தது. அது தனக்கென ஒரு செயலியை வைத்திருந்தது. நிகழ்வுகளை நேரக்குறிப்போடு முன்கூட்டியே வாங்கி வைத்து, உரிய கணத்தில் தானே அனுப்பியது. தாளம் காக்கும் பொறுப்பைக் கணினியிடமிருந்து முழுமையாகப் பிடுங்கிக்கொண்ட முறை இது. பின்னால் வந்த மலிவான ஒலி அட்டைகள் இந்தத் திறமையைக் கைவிட்டு, பைட்டை வாங்கி அப்படியே தள்ளிவிடும் எளிய முறையை மட்டும் வைத்துக்கொண்டன.

அட்டை செருக இடமில்லாத மடிக்கணினிகளுக்குச் சீரியல் போர்ட்டைத் தவிர வேறு வழி இல்லை. ரோலண்டின் எஸ்சி-55 மார்க் 2, யமஹாவின் எம்யு வரிசை போன்ற 1990களின் ஒலித்தொகுதிகளின் (விசைப்பலகை இல்லாத சின்தசைசர்களின்) பின்புறம் ஒரு சிறிய நகர்த்து ஸ்விட்ச் இருக்கும். மிடி, பிசி-1, பிசி-2, மேக் என்பவை அதன் நிலைகள். பிசி-1 என்பது ஜப்பானில் பரவலாக இருந்த என்இசி கணினிகளுக்கானது, வேகம் 31,250. பிசி-2 ஐபிஎம் வகைக்கானது, வேகம் 38,400. மேக் நிலையில் வேகம் மீண்டும் 31,250, கூடவே 1 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம். இந்தக் கட்டுரையில் சொன்ன வேறுபாடுகள் முழுவதையும் விரல் நுனியால் நகர்த்தக்கூடிய அந்த ஒற்றை ஸ்விட்ச்சில் அடக்கிவிட்டார்கள். கணினி தன் மொழியில் 38,400இல் பேசட்டும், மொழிபெயர்ப்பைக் கருவி பார்த்துக்கொள்ளும் என்பது அதன் பொருள்.

38,400இல் வாங்கி 31,250இல் வெளியே விடும் எந்தப் பெட்டியும் ஒரு சங்கடத்தைச் சந்திக்கிறது. உள்ளே நொடிக்கு 3,840 பைட் வரலாம். வெளியே 3,125தான் போகும். இடைவெளிவிட்டு வரும் இசையில் இது தெரியாது. ஆனால் யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசரின் 32 ஒலிகளையும் மொத்தமாக மாற்றும்போது 4,104 பைட் இடைவெளியின்றி வரும். மிடிப் பக்கம் அது வெளியேற 1.3 நொடி ஆகும். பெட்டிக்குள் போதிய நினைவகம் இருக்க வேண்டும், அல்லது ‘சற்று நில்’ என்று கணினிக்குச் சைகை காட்டத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத பெட்டிகள் பைட்டுகளைச் சத்தமில்லாமல் சிந்தின. பல சாக்கெட்டுகள் உள்ள பெட்டிகளில், 245 என்ற பைட்டையும் அதைத் தொடர்ந்து சாக்கெட்டின் எண்ணையும் அனுப்பிப் பாதையைத் தேர்வதும் வழக்கமாயிற்று.

பைட்டைத் திருத்திய டெர்மினல்

ஒர்க்ஸ்டேஷனில் வேகமும் மின்சுற்றும் சரியாகிவிட்ட பின்னும் இசை சரியாக வராமல் திகைத்தவர்கள் பலர். காரணம் யூனிக்ஸின் சீரியல் டிரைவர். அதன் மறுமுனையில் தட்டச்சு செய்யும் மனிதர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது அது. அந்த நம்பிக்கையை மாற்றாமல் சின்தசைசரை இணைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரே ஒரு செய்தியைப் பின்தொடர்ந்து பார்க்கலாம்.

ஒலியை இடவலமாக நகர்த்தும் கட்டுப்பாட்டுக்கு மிடி கொடுத்துள்ள எண் 10. முதல் சேனலில் (ஒரே கேபிளுக்குள் பிரித்துக் கொடுக்கப்படும் தனித் தடங்களில் ஒன்றில்) ஒலியை நடுவில் நிறுத்த 176, 10, 64 என்று மூன்று பைட் அனுப்ப வேண்டும். ஆனால் டெர்மினலுக்கு 10 என்பது அடுத்த வரிக்குப் போ என்ற குறி. வரியின் தொடக்கத்துக்கும் போக வேண்டுமே என்று டிரைவர் அக்கறையோடு அதற்கு முன் ஒரு 13ஐச் சேர்க்கிறது. கம்பியில் போவது 176, 13, 10, 64. சின்தசைசர் இதைப் படிக்கும்போது, 13ஆம் எண் கட்டுப்பாட்டை 10க்கு மாற்று என்று ஒரு முழுச் செய்தி கிடைக்கிறது. மிஞ்சிய 64ஐ அடுத்த செய்தியின் முதல் பாதியாகக் கையில் பிடித்துக்கொண்டு அது காத்திருக்கிறது. ஒலி நகரவில்லை, கேட்காத ஒன்று மாறிவிட்டது, எங்கும் பிழைச்செய்தி இல்லை.

உள்ளே வரும் திசையில் இன்னும் விபரீதம். விசையை மிக மெல்ல அழுத்தி வேக மதிப்பு 3 வந்தால், அது கண்ட்ரோல்-சி; நிரலே நின்றுவிடும். 19 வந்தால் ‘அனுப்புவதை நிறுத்து’ என்ற குறி. 17 வரும்வரை கணினி வாயடைத்துப்போகும். எட்டாவது பிட்டை வெட்டும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் 144 என்ற ‘ஸ்வரம் தொடங்கு’ பைட் 16ஆகச் சுருங்கி, செய்தியின் தலையே பறிபோகும். இயல்பான அமைப்பில் 10 என்ற பைட் வரும்வரை ஒரு வரி முடிந்ததாகவே டிரைவர் எண்ணாது என்பதால், வாசித்தது எதுவும் நிரலைச் சென்றடையாமலே கிடக்கும். தீர்வு எளிது: போர்ட்டைத் திறந்த உடனே இந்த உதவிகள் ஒவ்வொன்றையும் அணைத்துவிட்டு, பைட்டைப் பைட்டாகவே விடும் நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும். இன்றும் லினக்ஸில் சீரியல் போர்ட்டைக் கொண்டு இசைக்கருவி செய்ய முனையும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பைட் தொலைவது இன்னொரு வகைக் கேடு. பழைய பிசிகளின் 8250 சிப் ஒரு பைட்டை மட்டுமே வைத்திருக்கும். 38,400 வேகத்தில் அடுத்த பைட் 260 மைக்ரோநொடியில் வந்துவிடும்; அதற்குள் செயலி வந்து எடுத்துக்கொள்ளாவிட்டால் பழையது அழிந்துபோகும். வட்டில் எழுதுவதிலோ திரையைப் புதுப்பிப்பதிலோ செயலி மூழ்கியிருந்தால் இது தவறாமல் நடந்தது. எழுத்துக் கோப்பில் ஓர் எழுத்து விடுபட்டால் கண் அதைத் திருத்திப் படித்துக்கொள்ளும். மிடியில் ‘ஸ்வரத்தை நிறுத்து’ என்ற செய்தியின் ஒரு பைட் விடுபட்டால், அந்த ஸ்வரம் நிற்பதே இல்லை. விரலை எடுத்த பிறகும் ஒரே சுருதி கத்திக்கொண்டே இருக்கும் அந்தக் கொடுமையை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். பதினாறு பைட் வரிசையைத் தாங்கும் 16550ஏ சிப் பரவலான பிறகே சீரியல் போர்ட்டில் நம்பிக்கை பிறந்தது.

பத்து மில்லிநொடியின் கணக்கு

பைட்டுகள் சிதையாமல் போய்ச் சேர்ந்தாலும், எப்போது போய்ச் சேர்கின்றன என்பது தனிக் கேள்வி. அக்கால யூனிக்ஸ் இயங்குதளங்களில் பெரும்பாலானவை நேரத்தை நூற்றில் ஒரு பங்கு நொடியாக நறுக்கின. ‘மூன்று மில்லிநொடி கழித்து என்னை எழுப்பு’ என்று ஒரு நிரல் கேட்டால், அடுத்த 10 மில்லிநொடி எல்லையில்தான் எழுப்பும். அந்த நேரத்தில் வேறொரு நிரல் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். நிரலின் ஒரு துண்டு நினைவகத்திலிருந்து வட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தால், அதைத் திரும்பக் கொண்டுவர வட்டின் தலை நகர வேண்டும். அதற்கும் ஒரு பத்து மில்லிநொடி.

பத்து மில்லிநொடித் தாமதம் தன்னளவில் பெரிய குற்றம் அன்று. காற்றில் ஒலி அந்த நேரத்தில் மூன்றரை மீட்டர் கூடப் போவதில்லை. பாடகருக்கு இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் மிருதங்க வித்வான் ஏறத்தாழ 6 மில்லிநொடித் தாமதத்தோடுதான் கேட்கிறார், கச்சேரி கெடுவதில்லை. தாமதம் மாறாமல் இருந்தால் கை பழகிக்கொள்ளும். ஒரு தட்டுக்கு இரண்டு மில்லிநொடி, அடுத்ததற்குப் பன்னிரண்டு, அதற்கடுத்து ஐந்து என்று ஏறி இறங்கினால் தாளம் நொண்டும். நிமிடத்துக்கு 120 துடிப்புள்ள இசையில் ஒரு துடிப்பின் கால் பங்கு இடைவெளி 125 மில்லிநொடி. அதில் பத்து மில்லிநொடி ஆட்டத்தைப் பயிற்சியுள்ள காது கண்டுபிடித்துவிடும்.

நெக்ஸ்ட், சிலிக்கான் கிராஃபிக்ஸ் இயந்திரங்களின் மிடி டிரைவர்கள் இதற்குக் கண்ட வழி, நேரமுத்திரை. உள்ளே வரும் ஒவ்வொரு செய்தியிலும், அது வந்த கணத்தைக் கெர்னலே குறித்துவிடும். நிரல் எவ்வளவு தாமதமாக எழுந்து படித்தாலும் அந்தக் குறிப்பு மாறாது. வெளியே போகும் செய்திகளை நிரல் முன்கூட்டியே, ‘இதை இந்தக் கணத்தில் அனுப்பு’ என்ற குறிப்போடு டிரைவரிடம் ஒப்படைத்துவிடும். நிரல் அரை நொடி உறங்கினாலும் டிரைவரின் வரிசையில் சரக்கு இருக்கும்வரை தாளம் பிசகாது. எம்பியு-401 தனிப் பெட்டியில் செய்ததை இவர்கள் கெர்னலுக்குள் செய்தார்கள். சைலாக் சிப்புக்கு வெளிக்கடிகாரம் கொடுத்ததற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே: எப்போது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை, சொன்ன கணத்தில் விழித்திருக்கக்கூடிய பகுதியிடம் கொடுத்துவிடுவது.

எழுதிவைத்த இசைக்கு இது முழுத் தீர்வு. ஒருவர் வாசிக்க வாசிக்கக் கணினி மறுமொழி சொல்ல வேண்டிய இசைக்கு இது உதவாது. இன்னும் வாசிக்கப்படாததை எப்படி முன்கூட்டி அனுப்புவது? அங்கே நிரலுக்கு உயர்ந்த முன்னுரிமை கொடுத்து, அதன் நினைவகத்தை வட்டுக்குப் போகாமல் பூட்டிவைத்து, கூடியவரை விரைவாக எழச்செய்வதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

கேபிளின் கொள்ளளவும் ஒரு கட்டத்தில் உறைக்கத் தொடங்கியது. பத்து விரலும் ஒன்றாக அழுத்திய பத்து ஸ்வரங்களுக்கு 30 பைட், 9.6 மில்லிநொடி. ஒரே வகைச் செய்தி தொடரும்போது தலைப்பு பைட்டைத் திரும்பச் சொல்லாமல் விடலாம் என்ற சலுகையைப் பயன்படுத்தினால் 21 பைட், 6.72 மில்லிநொடி. அப்போதும் முதல் ஸ்வரத்துக்கும் கடைசி ஸ்வரத்துக்கும் இடையே ஆறு மில்லிநொடி. அமெரிக்கக் கணினி இசை ஆய்வாளர் எஃப். ரிச்சர்ட் மூர் 1988இலேயே மிடியின் இந்தக் குறுகலைக் கடுமையாக விமர்சித்தார். விசையை அழுத்துவதும் விடுவதுமே இசை என்று எண்ணிச் செய்யப்பட்ட மொழி, ஒரு ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதற்குள் நிகழும் மாற்றங்களைத் தாங்காது. நம் கமகத்தை நினைத்துப்பார்த்தால் இது சட்டென்று விளங்கும். சுருதியை வளைக்கும் செய்தி 16,384 படிகளைக் கொண்டது; நுட்பத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது ஒரு சேனல் முழுவதையும் வளைக்கும். எனவே தனித்தனியாக அசைய வேண்டிய ஒவ்வொரு குரலுக்கும் தனிச் சேனல் வேண்டும், ஒவ்வொரு செய்திக்கும் மூன்று பைட் வேண்டும். ஒரு குரலுக்கு நொடிக்கு 200 செய்தி என்று வைத்தால், ஐந்து குரலுக்கு ஆயிரம் செய்தி, 0.96 நொடி. ஐந்தே குரல்களின் அசைவு ஒரு கேபிளை நிரப்பிவிடுகிறது. மார்க் ஆஃப் த யூனிகார்ன் நிறுவனத்தின் மிடி டைம் பீஸ் போன்ற பெட்டிகள், கணினியின் சீரியல் போர்ட்டோடு மிடியைவிட உயர்ந்த வேகத்தில் பேசி, எட்டுத் தனிக் கேபிள்களுக்கு 128 சேனல்களைப் பிரித்துக் கொடுத்தது இந்த நெருக்கடியால்தான்.

1998இல் ஐமேக் சீரியல் போர்ட் இல்லாமல் வந்தது. மறு ஆண்டு யுஎஸ்பி வழி மிடிக்கான விவரக்குறிப்பு வெளியானது. மெக்கின்டாஷின் வெளிக்கடிகார முனையை நம்பிக் கட்டப்பட்ட பெட்டிகள் எல்லாம் ஒரு தலைமுறைக்குள் அலமாரிக்குப் போயின.

அந்த எண் மட்டும் போகவில்லை. ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையின் 16 மெகாஹெர்ட்ஸை 16ஆலும் பிறகு 32ஆலும் வகுத்தால் இன்றும் 31,250 மிச்சமின்றி வருகிறது. எஃப்டி232 என்ற யுஎஸ்பி சீரியல் சிப்பின் 30 லட்சம் என்ற அடிப்படை வேகத்தை 96ஆல் வகுத்தாலும் அதே. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் தொடக்க ஆண்டுகளில், 31,250ஐக் கேட்பதற்கு வழி தெரியாத மென்பொருளை ஏமாற்ற, சீரியல் கடிகாரத்தையே 30 லட்சம் ஹெர்ட்ஸிலிருந்து 24,41,406 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தார்கள். மென்பொருள் 38,400 என்று நினைத்துக்கொண்டு 31,250இல் அனுப்பியது. பட்டியலில் இல்லாத வேகத்தைக் கடிகாரத்தை மாற்றிப் பெறும் அதே பழைய உபாயம்.

இப்படி ஓர் இணைப்பைக் கட்டியவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க, மிடி அவுட்டிலிருந்து மிடி இன்னுக்கு ஒரு கேபிளைத் திருப்பிச் செருகினால் போதும். ஒரு ஸ்வரச் செய்தியை அனுப்பி, அதன் கடைசி பைட் திரும்பி வரும்வரை ஆகும் நேரத்தை அளந்து, அதையே ஆயிரம் முறை செய்து பாருங்கள். மூன்று பைட்டுக்கான 960 மைக்ரோநொடி கேபிளின் பங்கு. அதற்கு மேல் வருவதும், முறைக்கு முறை மாறுவதும் கணினியின் பங்கு.